வாடகை காரில் ஆடும் நாயும்... வண்டி நாறாமல் இருக்க என்ன வழி?

"மகள் வீட்டுக்கு ஒரு வெள்ளாட்டையும் இரண்டு குட்டிகளையும் வாடகை காரில் கொண்டுபோனோம். வீட்டு நாயும் கூடவே வந்தது. வழியில் நாய் வாந்தி எடுத்துவிட்டது. ஆடு சீட்டிலேயே மூத்திரம் பெய்துவிட்டது. டிரைவர் தம்பி வாடகைக்கு மேல் 700 ரூபாய் கேட்டார். கொடுத்துவிட்டோம். ஆனால், 'இனிமேல் கூப்பிடாதீங்கக்கா' என்று சொல்லிவிட்டுப் போனதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ராத்திரி நேரத்தில் ஆட்டுக்கு ஏதாவது என்றால் எங்களுக்கு அந்த ஒரு வண்டிதான். வண்டி அழுக்காகாமல் கால்நடைகளைக் கொண்டுபோக வழி சொல்லுங்கள் ஐயா."
- வாசகி ஒருவர், அடி அண்ணாமலை.

வாசகி கவலைப்பட்டிருப்பது பணத்துக்காக இல்லை, வண்டிக்காக. கிராமத்தில் பழக்கமான வாடகை வண்டி ஒன்று இருப்பது, வீட்டில் ஒரு ஆம்புலன்ஸ் இருப்பது மாதிரி. ஒரு தடவை சீட்டு நாறினால் அது கைவிட்டுப் போகும்.

அன்றைக்கு நடந்ததில் பாதி, வண்டி ஏறுவதற்கு முன்பே தடுத்திருக்கக்கூடியது. நாய்க்குச் சோறு போட்டதும் வண்டியில் ஏற்றினால், வளைவு திரும்பும்போது வாந்தி வருவது இயல்பு. பயணத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே தீனியை முடித்துவிட வேண்டும். தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொடுக்கலாம். ஆட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அசைபோடும் பிராணியைப் பட்டினி போட்டுக் கூட்டிப்போகக் கூடாது. பச்சைத் தழையைக் குறைத்து, முந்தின நாள் இரவிலிருந்து காய்ந்த நிலக்கடலைக்கொடி போன்ற உலர் தீவனமாகக் கொடுத்தால் புழுக்கை கெட்டியாக விழும். கெட்டிப் புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டி எடுத்துவிடலாம். மழைக்காலத் துளிர்ப்புல் தின்ற ஆடு கழிந்தால் கூட்டவும் முடியாது, துடைக்கவும் முடியாது.

ஆடு வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், படுத்திருக்கும் ஆட்டைத் தட்டி எழுப்பினால் பெரும்பாலும் உடனே மூத்திரம் பெய்யும். வண்டி வாசலுக்கு வருவதற்குக் கால் மணி நேரம் முன்பு ஆட்டை எழுப்பி நிறுத்துங்கள். அது போய் முடித்ததும் ஏற்றுங்கள். காசு செலவில்லாத வேலை இது. ஆனால், வண்டி வந்து ஹாரன் அடித்தபிறகுதான் பலரும் ஆட்டை அவிழ்க்கவே போகிறார்கள்.

அடுத்தது விரிப்பு. வெறும் பிளாஸ்டிக் தாளை விரித்தால் போதும் என்று நினைப்பது தவறு. பிளாஸ்டிக்கில் குளம்பு வழுக்கும். வழுக்கினால் ஆடு பயப்படும். பயந்த ஆடு அடிக்கடி மூத்திரம் பெய்யும், அதுவும் தாளின் ஓரம் வழியாக சீட்டுக்குள் இறங்கும். பின்சீட்டை மடக்கிவிட்டு (மடங்காத வண்டி என்றால் அதன் மேலேயே) தார்ப்பாயை விரித்து, ஓரங்களை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, தாம்பாளம்போல் கட்டுங்கள். அதன்மேல் பழைய கோணிச் சாக்கு. சாக்கின்மேல் வைக்கோல் அல்லது காய்ந்த தென்னை நார்க்கழிவு. நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 1978-ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள், ஆடுகளை நெடுந்தூரம் கொண்டுபோகும்போது தரையில் குறைந்தது 5 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் போன்ற விரிப்பு வேண்டும் என்கின்றன. ஆடு படுத்தால் அடிபடக் கூடாது என்பதற்காக எழுதிய விதி அது. வண்டி சுத்தத்துக்கும் அந்தக் கனம்தான் சரியான அளவு.

காலைக் கட்டி டிக்கியில் போட்டுக்கொண்டு போவது மட்டும் வேண்டாம். அது வதை. சட்டப்படியும் குற்றம். கிடா ஆட்டையும் காரில் ஏற்றாதீர்கள். பருவத்துக்கு வந்த கிடா தன் மூத்திரத்தைத் தன் முகத்திலும் தாடியிலும் தானே அடித்துக்கொள்ளும். கொம்புக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியின் வாடையும் அதோடு சேரும். அந்த நாற்றத்தை எந்த விரிப்பும் தடுக்காது. கிடாவுக்கும், இரண்டுக்கு மேற்பட்ட பெரிய ஆடுகளுக்கும் குட்டியானைதான் சரி.

பயணத்தில் ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள். ஏ.சி. போட்டே ஆக வேண்டும் என்றால், வெளிக்காற்று உள்ளே வரும்படி வைக்கச் சொல்லுங்கள். உள்காற்றையே சுற்றவிட்டால் வாடை ஏ.சி.க்குள் போய்த் தங்கி, மறுநாள் ஏறும் சவாரியின் மூக்கில் அடிக்கும்.

இத்தனைக்கும் மேல் சீட்டு நனைந்துவிட்டால் என்ன செய்வது? தேய்க்காதீர்கள். தேய்த்தால் உள்ளே இறங்கும். காய்ந்த பருத்தித் துணியை வைத்து அழுத்தி ஒற்றி எடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீர் தெளித்து மறுபடி ஒற்றுங்கள். ஈரம் வாங்கியதும் ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவி, சில மணி நேரம் விட்டுக் கூட்டி எடுங்கள். இதை அன்றே செய்ய வேண்டும். மூத்திரத்தில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுவதால்தான் அந்தக் காட்டமான நெடி. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரில் அது வேகமாக நடக்கும். சென்ட் அடித்து மூடுவதால் ஒன்றும் ஆகாது. அந்துருண்டை போட்டு வைப்பவர்கள் உண்டு, அது நாய்க்கு விஷம். மூத்திரம் இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும் வாயு வரும், அதுவும் அடைத்த காருக்குள்.

இதுவரை சொன்னது டிரைவர் தம்பிக்காக. இனி உங்கள் பட்டிக்காக. கார்த்திகை தீபத்தையொட்டி திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடுகிறது. அந்த நாள்களில் ஒரே குட்டியானை காலையில் சந்தை மாட்டையும் மாலையில் வீட்டு ஆட்டையும் ஏற்றும். முந்தைய சவாரியில் வந்த கால்நடைக்குக் கோமாரி இருந்தால், தரையில் ஒட்டிய சாணமும் எச்சிலும் உங்கள் பட்டிக்கு வந்துவிடும். 2001-ல் பிரிட்டனில் கோமாரி சந்தைகள் வழியாகவும் வண்டிகள் வழியாகவும் நாடு முழுக்கப் பரவி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று புதைக்கவும் எரிக்கவும் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலும் 2013-ல் கோமாரி கடுமையாகத் தாக்கியதை மாடு வைத்திருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, ஏற்றுவதற்கு முன்பே வண்டியின் தரையைப் பாருங்கள். பழைய சாணம் இருந்தால் முதலில் சுரண்டிக் கழுவ வேண்டும். சாணத்தின் மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் வீண். பிறகு 10 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, 10 நிமிடம் விட்டு அலசுங்கள். ஆட்டுக்கொல்லி நோயின் கிருமி சோப்புத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் அடங்கும். கோமாரிக் கிருமி சோப்புக்கு அடங்காது, அதனால்தான் சோடா. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குட்டியானையின் தரை, ரப்பர் மேட், தார்ப்பாய், செருப்பு ஆகியவற்றுக்கு இந்தக் கரைசல் ஏற்றது. கார் சீட்டுத் துணிக்கும் அலுமினியப் பாகங்களுக்கும் ஆகாது. பயணம் முடிந்ததும் அழுக்கு வைக்கோலை ஆடுகள் மேயாத இடத்தில் எருக்குழியில் போட்டு மூடிவிட்டு, தார்ப்பாயை இதே முறையில் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

நாயை ஏற்றும் முன் காது மடலிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுத் தையலுக்குள் புகுந்த உண்ணியை வெளியே எடுப்பது பெரிய பாடு.

700 ரூபாய் நியாயமா என்றால், சீட்டைக் கழற்றிக் கழுவி, காய்கிறவரை ஒரு நாள் சவாரியை இழந்திருந்தால் நியாயம்தான். அடுத்த முறை ஆடு வருகிறது என்பதைப் போனிலேயே சொல்லி, கழுவும் கூலியையும் அப்போதே பேசிவிடுங்கள். தார்ப்பாய், சாக்கு, வைக்கோல் மூன்றும் உங்கள் வீட்டிலிருந்தே வரும் என்று சொல்லிப் பாருங்கள், அந்தத் தம்பியே மறுபடி வரக்கூடும். பௌர்ணமியில் கிரிவலப் பாதையில் வண்டிக் கட்டுப்பாடு இருப்பதால், அன்றைக்கு இந்த மாதிரிப் பயணம் வேண்டாம். நோய்வாய்ப்பட்ட ஆட்டை ஏற்றிக்கொண்டு அலைவதற்கு முன் 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணை அழைத்துப் பாருங்கள், மருத்துவரே வீட்டுக்கு வர வாய்ப்பிருக்கிறது.