பெயர் ஒன்று: குருவி வேறு, பூண்டு வேறு!

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளில் ஒரு குருவியைப் பார்க்கலாம். கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம் இருக்கும். வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே தரையில் ஓடும். அதுதான் வாலாட்டிக் குருவி.

காலி மனைகளிலும் வேலி ஓரங்களிலும் ஒரு சிறு பூண்டு முளைக்கும். அதற்கு மேலாநெல்லி என்று பெயர்.

குருவிக்கும் பூண்டுக்கும் என்ன உறவு? ஓர் உறவும் கிடையாது. ஆனாலும் விஞ்ஞானிகள் வைத்துள்ள லத்தீன் பெயரைப் பாருங்கள். குருவி, "மோட்டாசில்லா மதராஸ்பட்டென்சிஸ்". பூண்டு, "பில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ்". பின்பாதி இரண்டுக்கும் ஒன்றுதான்!

"மதராசப்பட்டினத்தைச் சேர்ந்தது" என்பது அதன் பொருள். நம் ஊரின் பழைய பெயர்தான் லத்தீன் வேடம் போட்டு நிற்கிறது.

கேட்க வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் பெயரில் பாதியை மட்டும் நம்பி மருந்து வாங்கினால் ஏமாந்து போவோம். அதைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

முன்பாதி, பின்பாதி

உலகத்தில் ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வழி கண்டவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ். ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைத்தார். செடிகளுக்கான நூலை 1753-ல் வெளியிட்டார். பிராணிகளுக்கு 1758-ல் இந்த முறையைக் கொண்டுவந்தார்.

முன்பாதி குடும்பப் பெயர் மாதிரி. நெருங்கிய சொந்தங்களுக்கெல்லாம் அது பொது. பின்பாதி ஆளைப் பிரித்துக் காட்டும் அடைமொழி. அது நிறமாக இருக்கலாம், குணமாக இருக்கலாம், ஊராகவும் இருக்கலாம்.

நாமும் "தாம்பரம் முருகன்", "பல்லாவரம் முருகன்" என்று சொல்லுகிறோம் அல்லவா? நம் வழக்கத்தில் ஊர் முன்னே வருகிறது. லத்தீனில் பின்னே வருகிறது. ஓர் ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஊரை மட்டும் சொன்னால் யார் என்று தெரியுமா?

கோட்டை டாக்டர்கள்

மதராஸ் எப்படி லத்தீனில் ஏறியது?

1690-களில் புனித ஜார்ஜ் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்ற ஆங்கில டாக்டர் இருந்தார். சுற்று வட்டாரச் செடிகளைச் சேகரித்தார். அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் எழுதி லண்டனுக்கு அனுப்பினார். அவருக்குப் பின் வந்த டாக்டர் எட்வர்டு பல்க்லி, இங்குள்ள பறவைகளின் படங்களை அனுப்பினார். அந்தப் படங்கள் ஜான் ரே என்ற அறிஞரின் பறவை நூலில் 1713-ல் அச்சேறின.

வாலாட்டிக் குருவிக்கு மதராஸ் பெயரை வைத்தவர் ஜெர்மன் விஞ்ஞானி க்மெலின். ஆண்டு 1789. அந்தப் பெயர் பொருத்தமானதுதான். மற்ற வாலாட்டிகள் பல குளிர்காலத்தில் மட்டும் இங்கே வரும் விருந்தாளிகள். இந்தக் குருவியோ ஆண்டு முழுவதும் இங்கேயே குடியிருக்கிறது!

சளிக்கு அடையும் துவையலும் செய்கிறோமே, அந்த முசுமுசுக்கைக்கும் மதராஸ் பெயர்தான். மாசிபத்திரிக்கும் அதே பெயர்தான். லத்தீன் இலக்கணப்படி சொல்லின் வால் மட்டும் சற்று மாறும்.

"இந்தியா" என்ற பெயரைப் பங்குபோட்டுக் கொண்டவை இன்னும் அதிகம். மாமரம், புளியமரம், வேம்பு மூன்றுக்கும் பின்பாதி "இண்டிகா". மலை அணிலுக்கும் "இண்டிகா". முள்ளம்பன்றிக்கும் "இண்டிகா". வீட்டுச் சுவரைத் தோண்டும் பெருச்சாளிக்கும் அதே "இண்டிகா"தான்!

முழுப் பெயரும் ஒன்றானால்?

இன்னொரு விந்தையும் உண்டு. சில இடங்களில் இரண்டு பாதியுமே ஒன்றாக இருக்கும். "பைகஸ் வேரிகேட்டா" என்றால் ஓர் அத்தி வகை மரம். அதே "பைகஸ் வேரிகேட்டா" ஒரு கடல் நத்தைக்கும் பெயர். அதன் ஓடு அத்திப் பழம் போல இருப்பதால் அத்தியின் பெயர் வந்தது.

இதை எப்படி விட்டார்கள்? செடிகளுக்கு ஒரு சட்டப் புத்தகம், பிராணிகளுக்கு வேறு சட்டப் புத்தகம். செடிக்கும் செடிக்கும் ஒரே முழுப் பெயர் கூடாது. பிராணிக்கும் பிராணிக்கும் கூடாது. செடிக்கும் பிராணிக்கும் இருந்தால் தடையில்லை. மரத்தை நத்தை என்று யார் நினைக்கப் போகிறார்கள்?

ஆபத்து எங்கே?

செடிக்கும் செடிக்கும் இடையில்தான் ஆபத்து. மேலாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். அதன் பின்பாதி குருவிக்கும் உண்டு. அதன் முன்பாதியான "பில்லாந்தஸ்" யாருக்கெல்லாம் உண்டு தெரியுமா? கீழாநெல்லி, "பில்லாந்தஸ் அமாரஸ்". நாம் ஊறுகாய் போடும் பெரிய நெல்லி, "பில்லாந்தஸ் எம்ப்ளிகா". ஒன்று பூண்டு, மற்றொன்று மரம். எனவே முன்பாதி மட்டும் போதாது, பின்பாதி மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் யார் என்று தெரியும்.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லியைத் தேடுவது நம் மக்களின் வழக்கம். பச்சையாகப் பறித்தால் பார்த்துக்கொள்ளலாம். இலைக்குக் கீழே வரிசையாகக் குட்டிக் காய்கள் இருக்கும். காய்ந்து சருகாகிக் கடைக்கு வந்தபின் எப்படிக் கண்டுபிடிப்பது?

தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை விஞ்ஞானிகள் வாங்கிச் சோதித்தார்கள். முடிவு 2010-ல் வெளிவந்தது. பெரும்பாலும் அசல் கீழாநெல்லிதான். ஆனால் சில சரக்கில் அதே இனத்து வேறு பூண்டுகளும் கலந்திருந்தன. அவற்றில் மேலாநெல்லியும் ஒன்று!

மேலாநெல்லி கெட்ட செடி அல்ல. அதற்கும் வைத்தியத்தில் இடம் உண்டு. ஆனால் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றால் நோயாளியின் கதி என்ன? அவர் காசும் போகும், காலமும் போகும். காமாலையில் காலம் போவது சாதாரண விஷயம் அல்ல.

செய்ய வேண்டியது என்ன?

தேசிய சித்த மருத்துவ நிலையம் தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் நடந்து வருகிறது. தாம்பரமும் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. முழுப் பெயர் எழுதும் வழக்கத்தை இந்த ஊரிலேயே தொடங்கலாம்.

நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் ஒவ்வொரு சரக்கின் மேலும் தமிழ்ப் பெயரை எழுதட்டும். பக்கத்தில் இரண்டு சொல் லத்தீன் பெயரையும் தமிழ் எழுத்திலேயே எழுதட்டும். ஒரு சீட்டு ஒட்ட என்ன செலவு ஆகிவிடும்?

பள்ளிகளிலும் மரத்துக்கு மரம் பெயர்ப் பலகை மாட்டலாம். வேம்பின் முழுப் பெயரைப் பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். பெரிய பெரிய கிரிக்கெட் வீரர்களின் பெயரெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு!

மதராஸ் 1996-ல் சென்னை ஆயிற்று. குருவியின் பெயரும் பூண்டின் பெயரும் மாறவில்லை. ஊர்ப் பெயர் மாறினாலும் உயிரின் பெயரை மாற்றுவதில்லை என்பது விதி. அடையாளம் தவறக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

அந்தக் கண்டிப்பு நமக்கும் வேண்டும். இனி மூலிகை வாங்கும்போது, "இதன் முழுப் பெயர் என்ன?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார். நூறு பேர் கேட்டால் சீட்டு எழுதி ஒட்டிவிடுவார்!