சட்டத்தின் பெயரால் ஒரு வர்க்கப் போர்: ஹோவர்டு ஸ்மித்தின் 36 ஆண்டுகள்

1949 ஜனவரியில் நியூயார்க் ஃபோலி சதுக்க நீதிமன்றத்தில் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியத் தலைவர்கள் 11 பேர் மீதான வழக்கு விசாரணை தொடங்கியது. யூஜீன் டென்னிஸ், கஸ் ஹால், ஹென்றி வின்ஸ்டன், நியூயார்க் நகர மன்ற உறுப்பினராக இருந்த கறுப்பினத் தோழர் பெஞ்சமின் டேவிஸ் ஆகியோர் அவர்களில் அடங்குவர். ஆயுதம் சேர்த்ததாகவோ, எவரையேனும் தாக்கியதாகவோ யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. பலாத்காரத்தால் அரசை வீழ்த்த வேண்டும் என்று போதிக்கும் கட்சியை அமைக்கச் சதி செய்தனர் என்பதே வழக்கு. சாட்சியமாகக் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையும் லெனினின் நூல்களும் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டன. மீரட் சதி வழக்கின் வரலாற்றைப் படித்த தோழர்களுக்கு இக்காட்சி புதிதல்ல. பத்துப் பேருக்கு 5 ஆண்டுச் சிறை. போரில் வீரப் பதக்கம் பெற்றவர் என்பதால் ராபர்ட் தாம்சனுக்கு மட்டும் 3 ஆண்டு. வாதாடிய வழக்கறிஞர்களும் நீதிமன்ற அவமதிப்பின் பேரில் சிறைக்கு அனுப்பப்பட்டனர். சிறையில் உரிய சிகிச்சை மறுக்கப்பட்ட வின்ஸ்டன் பார்வையை இழந்தார்.

இக்கொடுமைகளுக்கெல்லாம் மெக்கார்த்தி என்ற ஒரே பெயரைச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் செனட்டர் மெக்கார்த்தி தம் பட்டியல் கூச்சலைத் தொடங்கியது 1950இல்தான். தோழர்களைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1940இல் நிறைவேறியது. அந்நியர் பதிவுச் சட்டம் என்பது அதன் பெயர். 14 வயதைக் கடந்த வெளிநாட்டவர் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்ற விதிகளோடு, அரசை வீழ்த்துவது பற்றிப் போதிப்பதையே 10 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றமாக்கும் பிரிவும் அதில் சேர்க்கப்பட்டது. அதை ஆக்கியவரின் பெயரால் மக்கள் அதனை ஸ்மித் சட்டம் என்றே அழைத்தனர். கூச்சலிட்டவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. குரலை உயர்த்தாமல் காரியத்தை முடித்தவரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

ஹோவர்டு வொர்த் ஸ்மித் 1883இல் வர்ஜீனியா மாநிலத்தின் பிராட் ரன் என்ற ஊரில் பிறந்தவர். சட்டம் படித்து அலெக்சாண்டிரியா நகரில் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்தார். கடைசிவரை 'நீதிபதி ஸ்மித்' என்றே அழைக்கப்பட்டார். வங்கி, விவசாயம், பால்பண்ணை என எல்லாத் தொழிலிலும் கால் பதித்திருந்த உடைமையாளர். 1931 முதல் 1967 வரை தொடர்ந்து 36 ஆண்டுகள் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்திருந்தார். இவர் குடியரசுக் கட்சிக்காரர் அல்லர், ரூஸ்வெல்ட்டின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1938இல் உட்கட்சித் தேர்தலில் இவரை வீழ்த்த ஜனாதிபதியே முயன்றார். ஸ்மித் பெரும் வித்தியாசத்தில் வென்றார்.

ஜனாதிபதியாலும் அசைக்க முடியாத அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? வர்ஜீனியாவின் 1902ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வாக்களிக்க ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி விதித்தது. கட்டத் தவறியவர் மூன்றாண்டு பாக்கியைச் சேர்த்து, அதுவும் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்ட வேண்டும். கறுப்பின மக்களும் வெள்ளை ஏழைகளும் வாக்காளர் பட்டியலிலிருந்து கூட்டம் கூட்டமாக வெளியேற்றப்பட்டனர். எஞ்சிய சிறு கூட்டம் இவரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கக் காங்கிரசில் குழுத் தலைமை அன்று பணிமூப்பின்படி வந்தது. எனவே போட்டியற்ற தொகுதியின் உறுப்பினர் காலப்போக்கில் தாமாகவே தலைவர் ஆகிவிடுவார். ஸ்மித்தும் 1955இல் விதிகள் குழுவின் தலைவரானார். எந்த மசோதாவும் சபை விவாதத்துக்கு வர அக்குழுவின் அனுமதி வேண்டும். குழுவைக் கூட்டுவதோ தலைவரின் விருப்பம். ஒன்றரை டாலர் வரி வர்ஜீனியாவில் ஏழையின் வாக்கைப் பறித்தது. அதன் விளைவாக ஒரு பண்ணை முதலாளியின் கையில் நாடு முழுவதற்குமான தடை அதிகாரம் வந்து சேர்ந்தது. முதலாளித்துவ ஜனநாயகத்தின் இயந்திரம் இவ்வாறுதான் இயங்குகிறது.

அந்த அதிகாரம் முதலில் தொழிலாளர் மீதே பாய்ந்தது. குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 25 சென்ட் நிர்ணயித்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்தை விதிகள் குழு முடக்கி வைத்தது. ஸ்மித் அப்போது குழுவின் உறுப்பினர். உறுப்பினர்களிடம் கையெழுத்துத் திரட்டித்தான் அதை வெளியே இழுத்துவர முடிந்தது. தொழிலாளர் உறவு வாரியத்தைக் குடைந்தெடுக்க ஒரு சிறப்புக் குழுவுக்கும் அவர் தலைமை வகித்தார். 1943இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது ஸ்மித்-கோனலி சட்டம் வந்தது. வேலைநிறுத்தம் நடக்கும் ஆலைகளை அரசு கைப்பற்றலாம். சங்கங்கள் தேர்தலுக்கு நிதி தரக்கூடாது. ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் அதை நிறைவேற்றியது.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்மித் சட்டம் முதலில் பாய்ந்தது கம்யூனிஸ்ட் கட்சி மீதன்று. 1941இல் மினியாபொலிசில் டிராட்ஸ்கியவாதிகள் மீதும் லாரி ஓட்டுநர் சங்கத் தலைவர்கள் மீதும் வழக்குத் தொடரப்பட்டு 18 பேர் தண்டிக்கப்பட்டனர். அமெரிக்கக் கட்சி அதை எதிர்க்கவில்லை, ஆதரித்தது. போர்க்கால நெருக்கடியைச் சுட்டி அதற்குச் சமாதானம் சொல்லலாம். தத்துவ வேறுபாட்டின் ஆழத்தையும் சொல்லலாம். இருந்தும் அது தவறுதான். எட்டே ஆண்டுகளில் அதே சட்டம் நம் தோழர்களின் வாசலுக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் 1951இல் 6க்கு 2 என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது. அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டனர். டிரினிடாடில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் சிறையிலிருந்து வெளிவந்ததும் 1955இல் பிரிட்டனுக்கு நாடு கடத்தப்பட்டார். வெறும் போதனை வேறு, செயலுக்குத் தூண்டுதல் வேறு என்று அதே நீதிமன்றம் 1957இல் கூறிய பிறகே இவ்வழக்குகள் அடங்கின.

கறுப்பின மக்களின் உரிமைக்கு எதிராக அவர் கையாண்ட முறை வேறு. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பைக் கண்டித்துத் தென்மாநில உறுப்பினர்கள் 1956இல் வெளியிட்ட அறிக்கையைச் சபையில் வைத்தவர் அவரே. 1957இல் சிவில் உரிமை மசோதா குழு முன் வந்தபோது, பண்ணையில் கொட்டகை எரிந்துவிட்டது என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டார்; தலைவர் இல்லாமல் குழு கூடவில்லை. மசோதாவைத் தடுக்க அவர் கொட்டகைக்குத் தாமே தீ வைக்கவும் தயங்காதவர் என்ற கேலி காங்கிரசில் உலவியது. அவர் பிடியைத் தளர்த்த 1961இல் குழுவின் உறுப்பினர் எண்ணிக்கையை 12இலிருந்து 15ஆக உயர்த்தினார்கள். அதுவும் 217க்கு 212 வாக்குகளில்தான் தேறியது.

1964இல் சிவில் உரிமை மசோதாவின் வேலைவாய்ப்புப் பகுதியில் இனம், மதம் ஆகியவற்றோடு பால் வேறுபாட்டையும் சேர்க்க ஸ்மித் திருத்தம் கொண்டுவந்தார். மசோதாவைக் கவிழ்க்கும் சூழ்ச்சி என்பார் பலர். பெண்களின் சம உரிமைத் திருத்தத்தை அவர் முன்பே ஆதரித்து வந்தவர் என்று நினைவூட்டுவார் சிலர். நோக்கம் எதுவாயினும், முழு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்தே வாக்களித்தார். பெண் உறுப்பினர்கள் அத்திருத்தத்தைப் பற்றிக்கொண்டு நிறைவேற்றினர். சட்டம் வந்தபின் உழைக்கும் பெண்கள் அதை ஆயுதமாக்கிக்கொண்டார்கள்.

வர்ஜீனியாவின் தலைவரியை எதிர்த்து வீட்டுவேலை செய்து வாழ்ந்த ஆனி ஹார்ப்பரும், தையல் தொழிலாளி எவலின் பட்ஸும் தொடுத்த வழக்குகளில், மாநிலத் தேர்தல்களிலும் அந்த வரி செல்லாது என்று 1966 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முந்திய ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்திருந்தது. தொகுதி எல்லையும் மாறியிருந்தது. அவ்வாண்டு ஜூலையில் நடந்த உட்கட்சித் தேர்தலில் 83 வயது ஸ்மித் ஜார்ஜ் ராலிங்சிடம் 645 வாக்குகளில் தோற்றார். பத்தாண்டுகள் கழித்து, 1976இல் இறந்தார்.

1995இல் குடியரசுக் கட்சி சபையைக் கைப்பற்றியதும் விதிகள் குழுவின் புதிய தலைவர் ஜெரால்டு சாலமன் ஸ்மித்தின் உருவப்படத்தைக் குழு அறையில் மாட்டினார். ஜான் லூயிஸ் உள்ளிட்ட கறுப்பின உறுப்பினர்களின் எதிர்ப்பால் அது இறக்கப்பட்டது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில், 2385ஆம் பிரிவாக ஸ்மித் சட்டம் இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறது.