பாம்பு கடித்தபின் தேடலாமா?



மாரியூர்ப் பனங்காட்டில் தாத்தாவைப் பாம்பு கடித்துவிட்டது என்று வையுங்கள். வீட்டில் செல்போனில் தேடத் தெரிந்தவர் நீங்கள்தான். "கீறி உறிஞ்சு, கயிற்றால் இறுக்கிக் கட்டு" என்று ஒரு வீடியோ வரும். லட்சம் பேர் பார்த்திருப்பார்கள். இருக்கட்டுமே, சொல்பவர் யார் என்று பார்த்தீர்களா? உலக சுகாதார நிறுவனம் இவற்றைச் செய்யவே கூடாது என்கிறது. கடிபட்ட இடத்தை அசைக்காமல், 108-ஐ அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே கிடைக்கும். (பாம்பைப் பிடிக்க ஓடாதீர்கள், உங்களையும் கடிக்கும்!)

கடித்தபின் தேட நேரமேது? இந்த ஞாயிற்றுக்கிழமையே தேடுங்கள். சந்தேகமென்றால் 104-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பதில் சொல்வார்கள். படித்ததைத் தாத்தாவுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள். பனங்காட்டுக்குப் போகிறவர் அவர்தானே!