அரைத்த மாவும் அகப்படும் ஆளும்

"உங்கள் மின்னஞ்சல் விலாசத்தை 'ஹாஷ்' செய்து, ஆள் அடையாளம் தெரியாமல் ஆக்கித்தான் அனுப்புகிறோம்" என்று இணையக் கம்பெனிகள் சத்தியம் செய்கின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இது என்கிறோம் நாம்.

ஹாஷ் என்பது என்ன? எழுத்துகளை அரைக்கும் ஒரு கணக்குச் சூத்திரம். விலாசம் உள்ளே போகும்; அர்த்தமற்ற எண்ணும் எழுத்தும் வெளியே வரும். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. வாஸ்தவம்! ஆனால் ஒரே விலாசத்தை யார், எங்கே அரைத்தாலும் அதே மாவுதான் வரும். உங்கள் விலாசத்தை ஏற்கெனவே வைத்திருப்பவன் அதையும் அரைத்து ஒத்துப் பார்த்தால் போதும், ஆள் அகப்பட்டார்!

அமெரிக்காவைப் பாருங்கள். மனநல ஆலோசனை விற்கும் பெட்டர்ஹெல்ப் கம்பெனி, 2017-ல் ஏறத்தாழ 20 லட்சம் பேரின் விலாச ஜாபிதாவை விளம்பரத்துக்காகப் பேஸ்புக்கிடம் கொடுத்தது என்று அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. ஹாஷ் செய்துதான் கொடுத்தார்கள். பேஸ்புக் ஆளை அறிந்துகொள்ள அது தடையாகவில்லை. கம்பெனி தவறை ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் 2023-ல் 78 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது!

உழைப்பாளியும் தப்பவில்லை. 2013-ம் வருஷத்தின் 17 கோடிக்கும் மேற்பட்ட டாக்சி சவாரிகளின் விவரத்தை, லைசென்ஸ் நம்பர்களை ஹாஷ் செய்து, நியூயார்க் நகர நிர்வாகம் வெளியே கொடுத்தது. ஆறேழு இலக்க நம்பர்கள்தானே! இருக்கக்கூடிய எல்லா நம்பர்களையும் அரைத்துப் பார்த்து, 2014-ல் ஒரு பொறியாளர் சில மணி நேரத்தில் குட்டை உடைத்தார். எந்த டிரைவர் எங்கே போனார், எவ்வளவு வசூலித்தார் என்பதெல்லாம் அம்பலமாயிற்று. நம் பத்து இலக்க செல்போன் நம்பருக்கும் இதே கதிதான்.

அப்படியானால் ஹாஷ் வீணா? இல்லை. ரகசியச் சாவி ஒன்றையும் சேர்த்து அரைத்து, சாவியைத் தனியே பூட்டி வைத்தால், ஜாபிதா களவு போனாலும் காவல் பலமாக இருக்கும். ஆனால் ஜாபிதாவை விளம்பரக்காரனுக்கு அனுப்புகிறவன் தன் சாவியைச் சேர்ப்பானா? சேர்த்தால் மாவும் மாவும் ஒத்துப்போகாது, வியாபாரம் படுத்துவிடும்!

ஹாஷ் செய்வதால் ஆள் அடையாளம் அழிந்துவிடாது என்று அதே கமிஷன் 2024-ல் பகிரங்கமாகச் சொன்னது. ஆகவே நாம் கோருவது இதுதான்: ஹாஷ் செய்த ஜாபிதாவும் ஆள் ஜாபிதாவே. உரியவர் சம்மதமில்லாமல் அது கைமாறக் கூடாது. சட்டம் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தோழர்களே! "அரைத்துவிட்டோம், பயப்படாதீர்கள்" என்று எவன் சொன்னாலும் திருப்பிக் கேளுங்கள்: "அரைத்தது சரி, யார் வீட்டு அடுப்புக்கு?"