ஏறுகிற வரி யார் கைக்கு?



ஆரணியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கழனியில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். "ஊர் வளருது, நில விலை ஏறுது, உங்களுக்கு என்ன கசக்குதா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏறுகிற விலையால் வருகிற வரி யார் கைக்குப் போகும் என்பதுதான் நம்ம கேள்வி.

2017-ல் மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம், நில மதிப்பு உயர்வைக் காட்டி நகரங்கள் பணம் திரட்டுவதற்கு ஒரு கொள்கை வெளியிட்டது. அதில் சொன்ன வழிகளில் ஒன்று 'டாக்ஸ் இன்கிரிமென்ட் பைனான்சிங்'. பேர்தான் பெரிசு. ஒரு பகுதியைக் கோடு போட்டுப் பிரிப்பார்கள். இன்றைக்கு அங்கே வரி 10 லட்சம் என்று வையுங்கள். நாளைக்கு அது 50 லட்சமானாலும் பொதுக் கணக்குக்கு அதே 10 லட்சம்தான். மிச்சமெல்லாம் பல வருஷத்துக்கு அந்தத் திட்டத்துக்கே. அதைக் காட்டி இப்பவே கடனும் வாங்குவார்கள். கதிர் முற்றும் முன்னே நெல்லை மண்டிக்காரரிடம் எழுதிக் கொடுக்கிற சமாச்சாரம்தான்!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 1952-லேயே இதை ஆரம்பித்தது. சீர்கெட்ட பகுதிகளைத் திருத்துவதற்கென்றுதான் சொன்னார்கள். போகப் போக, மாநிலத்தின் சொத்து வரியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு இந்த நகர மறுசீரமைப்பு அமைப்புகளிடம் போனது. பள்ளிக்கூடங்களுக்கு விழுந்த துண்டை மாநில அரசு கஜானாவிலிருந்து அடைத்தது. ஐந்தில் ஒரு பங்கு சாதாரண மக்களின் வீடுகளுக்கு என்றார்கள். 1993-ல் எது சீர்கெட்ட பகுதி என்பதை இறுக்கினார்கள், கால வரம்பும் வைத்தார்கள். அடங்கவில்லை. 2011-ல் சட்டம் போட்டு, 2012 பிப்ரவரியில் சுமார் 400 அமைப்புகளையும் கலைத்தே விட்டார்கள். பணக்கார நாட்டிலேயே மாநில அரசு கடிவாளம் போட வேண்டி வந்தது.

நம்ம ஊரில் கடிவாளம் எங்கே? கிரயப் பத்திரத்துக்குக் கட்டுகிற 7 சதவீதத்தில் 2 சதவீதம் உள்ளாட்சியின் பங்கு. ஊராட்சியை நகரத்தோடு சேர்த்தால் அந்தப் பங்கும் நகரத்தின் கணக்குக்குப் போகும். 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சியானபோது சுற்றியிருந்த ஊராட்சிகள் உள்ளே போனதைப் பார்த்தோம். நகர எல்லைக்குள் போனால் வீட்டு வரியும் நகரத்து வரிதான். 2022-ல் நகர்ப்புறச் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினார்கள். தறிக்குழி உள்ள வீட்டுக்காரரும் இதைக் கட்டித்தான் ஆகணும்.

இன்னொன்றையும் கவனிங்க. 2013 நில எடுப்புச் சட்டப்படி கிராமத்து நிலத்துக்குச் சந்தை மதிப்பை 2 மடங்கு வரை பெருக்கலாம். நகரத்து நிலத்துக்கு ஒரே மடங்குதான். வரி கேட்கும்போது நம்ம நிலம் உசத்தி, நஷ்டஈடு தரும்போது மட்டம்! 2023-ல் மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தர மாட்டோம் என்ற விவசாயிகள் மீது குண்டர் சட்டம் பாய்ந்ததே, அது நம்ம மாவட்டத்தில்தான்.

நகரம் வளரக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. பட்டும் நெல்லும் விற்க ஆரணி வேணும். ஆனால் கோடு போடும் முன்னே மாநில அரசு சட்டத்தில் வரம்பு எழுதட்டும். கிராம சபை சம்மதிக்காமல் விளைநிலமோ ஏரி வரத்துக் கால்வாயோ கோட்டுக்குள் போகக் கூடாது. எங்கள் ஊரில் ஏறும் வரியில் பாதியாவது எங்கள் ஏரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரணும். எத்தனை வருஷம், எவ்வளவு கடன் என்பதை முன்கூட்டியே ஊருக்குச் சொல்லணும்.

அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருத்தராவது வாங்க. பெண்கள் கட்டாயம் வரணும். வாயால் சொல்லிவிட்டுத் திரும்பாதீங்க. தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வைத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, நகலை வாங்கிக்கொண்டு வாங்க. அந்த நகல்களோடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சேர்ந்து போவோம்.