முதுகில் போடும் ஊசி



"எனக்கு முட்டு வருத்தம், நெஞ்சும் பலவீனம். மயக்கினால் எழும்பமாட்டேன் அக்கா" என்று சொல்லி, குடலிறக்கத்தையோ கர்ப்பப்பைக் கட்டியையோ வருடக்கணக்காகச் சுமந்து திரியும் பெண்கள் நம்மிடையே பலர். பயம் நியாயமானதுதான். முழு மயக்கத்தில் பெரும்பாலும் தொண்டைக்குள் குழாய் வைத்து, இயந்திரத்தால் சுவாசம் கொடுப்பார்கள். பழுதுபட்ட நுரையீரலுக்கு அது சுமையாகலாம். ஆனால் அடிவயிற்றுச் சத்திரசிகிச்சைகள் பலவற்றை மயக்காமலே செய்யலாம்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக இருந்த காலத்தில் நான் அன்றாடம் கண்டது இது. இடுப்பு மட்டத்தில், முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையே மெல்லிய ஊசியால் விறைப்பு மருந்து செலுத்துவார்கள். சில நிமிடங்களில் கால்கள் சூடேறிப் பாரமாகி, வயிறும் விறைத்துவிடும். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் நிற்கும். மூச்சை நீங்களே விடுவீர்கள். 1898இல் ஜேர்மனியில் ஓகஸ்ட் பியர் என்ற வைத்தியர் தொடக்கிய முறை. சிசேரியனுக்கு இன்று பெரும்பாலும் இதுதான். மேல்வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை என்றால் இது மட்டும் போதாது. முழு மயக்கத்தோடு முதுகில் மெல்லிய குழாயும் வைத்து, பிறகு சில நாட்களுக்கு நோ மருந்து கொடுப்பதுண்டு. நோ குறைந்தால் நன்றாக இருமலாம், நெஞ்சில் சளி கட்டாது.

"அந்த ஊசி போட்டால் ஆயுளுக்கும் நாரி நோ" என்பது நம் ஊர்க் கதை. ஊசி போட்ட இடம் சில நாள் நோகலாம். சிலருக்குத் தலையிடி வரும், அதற்குச் சிகிச்சை உண்டு. நீடித்த நாரி நோவுக்கு இந்த ஊசி காரணமல்ல.

எல்லோருக்கும் இது பொருந்தாது. இருதய வால்வு மிகவும் சுருங்கியிருந்தால் இரத்த அழுத்தம் இறங்குவது ஆபத்து. வாபரின் போன்ற, இரத்தம் உறையாமலிருக்கும் குளிசை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

முதுகில் ஷெல் துண்டு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. "எப்படி வந்தது என்று விசாரிப்பார்களோ" என்று அதை மறைத்தவர்களை நான் அறிவேன். மயக்க மருந்து வைத்தியருக்குத் தேவை துண்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பது மட்டுமே. பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். கால் மரத்துப்போகும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. விழித்திருக்கும்போது கத்தி, கிண்ணங்களின் சத்தம் காதில் விழும். சத்தம் கேட்டாலே நடுங்கும் பெண்கள் நம்மில் எத்தனை பேர்! அதை முதல்நாளே சொன்னால், அரைத்தூக்கத்தில் வைக்கும் மருந்து கொடுக்க முடியுமா என்று வைத்தியர் பார்ப்பார்.