சிறுதேரும் சிறுவிமானமும்
(பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், ஜெயபுரம்)

யூபிலி ஆண்டின் நினைவாகக் கல்லூரியிற் கைவினைக் கூடம் ஒன்று அமைத்தல் வேண்டும் என்றும், மாணவர் இணைத்துப் பழகுதற்கெனப் பிளாத்திக்கு விமான மாதிரிப் பொதிகளை அதில் வாங்கி வைத்தல் வேண்டும் என்றும் கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் விரும்புகின்றனர். பார்வைக்கென ஒரு பொதியையும் அனுப்பியுள்ளனர். அஃது இரண்டாம் உலகப் போரிற் பறந்த ஹரிக்கேன் என்னும் போர் விமானத்தின் சிற்றுரு. ஏர்பிக்ஸ் நிறுவனத்தார் புதிய அச்சில் வார்த்து வெளியிட்டது. நன்று என்பர் சிலர். வன்னி மண்ணில் போர் விமானமும் ஒரு விளையாட்டுப் பொருளோ என வினவுவர் வேறு சிலர். இரு சாராரும் எம்மவரே. இரு கூற்றினும் பொருள் உண்டு. ஆதலின் பொதியைத் திறந்து நோக்கி, எமது கருத்தை ஈண்டு உரைக்க முற்படுகின்றோம்.

போர்க் கருவியைச் சிறிதாக்கிச் சிறுவர் கையிற் கொடுத்தல் எமக்குப் புதிய வழக்கன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவம் சிறுதேர். நால்வகைப் படையுள் ஒன்றாகிய தேரையே எம் முன்னோர் குழந்தைக்கு விளையாட்டாக்கினர். பட்டினப்பாலையிலும் மூன்று காற் சிறுதேர் உருட்டும் சிறுவரைக் காண்கின்றோம். வானிற் பறக்கும் பொறியும் எம் இலக்கியத்துக்கு அயலன்று. சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறி, கருவுற்றிருந்த விசயையைப் போரினின்றும் காத்துச் சுடுகாட்டில் இறக்குகின்றது. எனவே பொறியின் சிற்றுருவைக் கண்ட அளவில் அதனை விலக்குதல் வேண்டா. அஃது எதனைக் கற்பிக்கின்றது, எதனைக் கற்பியாது விடுகின்றது என்பதே ஆராயத்தக்கது.

முதற்கண் அதன் அளவினை நோக்குவோம். எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பது இப்பொதியின் அளவு. மூலத்தில் ஆறடி, சிற்றுருவில் ஓர் அங்குலம். 1936 இல் இங்கிலாந்தில் வெளிவந்த தொடக்ககாலப் பிளாத்திக்குப் பொதிகள் கைக்கொண்ட இவ்வளவு இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. ஹரிக்கேன் விமானத்தின் சிறகளவு 40 அடி. சிற்றுருவில் அஃது ஆறு அங்குலமும் ஓர் அங்குலத்தின் மூன்றில் இரு பங்குமாகும். இக்கணக்கை மாணவன் கரும்பலகையிற் செய்தால் மறந்துவிடுவான். கையிற் செய்தால் மறவான்.

அடுத்து அதன் வேலைப்பாடு. சிட்னி காம் என்பார் வடிவமைத்த இவ்விமானம் 1935 நவம்பர் 6 இல் முதன்முதற் பறந்தது. இதன் பின்னுடல் முழுதும் உலோகத் தகட்டால் ஆயதன்று. உருக்குக் குழாய்ச் சட்டத்தின்மேல் மரக் கீற்றுகளை அடுக்கி, அவற்றின்மேல் துணி போர்த்து, பூச்சிட்டு இறுக்கியது. குண்டு துளைத்த இடத்தைத் துணி ஒட்டியே செப்பனிட இயன்றமைக்கு இதுவே காரணம். முன்னுடலின் வழவழப்பையும், பின்னுடலில் துணியின் கீழ் எழும் கீற்றுகளின் மேட்டையும் பொதி செய்தோர் வேறுபடுத்திக் காட்டியுள்ளனர். ஒரு பொருள் எவ்வாறு ஆயது என்பதை விரல் நுனியால் உணரச் செய்யும் இத்திறம் பாராட்டத் தக்கது.

குறைகளும் உள. சிற்றுருவில் அரை மில்லிமீற்றர் அகலமுள்ள கோடு, மூலத்தில் 36 மில்லிமீற்றர் இடைவெளி ஆகும். அத்தகைய பிளவோடு எந்த விமானமும் பறவாது. இவ்வகைப் பொதிகளில் தகடுகளின் பொருத்துக் கோடுகள் கண்ணுக்குத் தெரிதற்பொருட்டுச் சற்று மிகைப்படவே வெட்டப்படுகின்றன. பசை பிளாத்திக்கை இளக்கி ஒட்டுவது. அதன் ஆவி சுவாசத்துக்கு ஆகாது. கூரிய கத்தியும் வேண்டும். ஆதலின் காற்றோட்டமுள்ள கூடமும், உடனிருக்கும் ஆசிரியரும் இன்றி இதனைக் கீழ்வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தல் தகாது.

இவை சிறு குறைகள். பெருங்குறை வேறு. ஹரிக்கேன் பொதிகள் பெரும்பாலும் 1940 இல் இங்கிலாந்தின் வானில் நிகழ்ந்த போரையே தமக்குக் கதையாகக் கொள்கின்றன. இவ்விமானம் எமது தீவின் வானிலும் பொருதது என்பதை எம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அறிவர்? 1942 இல் இரத்மலானையில் 30 ஆம் அணியும், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் 258 ஆம் அணியும், திருகோணமலைச் சீனன்குடாவில் 261 ஆம் அணியும் ஹரிக்கேன்களோடு நின்றன. ஏப்பிரல் 4 ஆம் நாள் பேர்ச்சல் என்னும் கனேடிய விமானியின் குழுவினர் யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினர். ஆயினும் மறுநாள், உயிர்த்த ஞாயிறு காலையில், யப்பானிய விமானங்கள் இரத்மலானையின் மேல் வந்தபோது அங்கிருந்த ஹரிக்கேன்கள் இன்னும் நிலத்திலேயே நின்றன. கொழும்புத் துறைமுகம் தாக்குண்டது. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டுகள் வீழ்ந்தன. மக்கள் பெருந்தொகையினராய் நகரை விட்டு அகன்றனர். ஏப்பிரல் 9 இல் திருகோணமலை தாக்குண்டது. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. வவுனியாவிலும் அப்போர்க் காலத்தில் விமானத்தளம் ஒன்று எழுந்தது. பொதியின் பெட்டிமேல் இவற்றுக்கு இடமில்லை. பெட்டியில் இல்லாததைச் சொல்லுதல் ஆசிரியர் கடன்.

இனி, மறுப்போர் கூற்றுக்கு வருவோம். இதே 1942 இல் அமெரிக்கக் கடற்படை அந்நாட்டுப் பாடசாலை மாணவரிடம் ஐந்து இலட்சம் விமானச் சிற்றுருக்களைச் செய்து தருமாறு வேண்டியது. அவையும் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவினவே. நட்பு விமானம் யாது, பகை விமானம் யாது என வடிவால் இனங்காணப் படைவீரரைப் பழக்குதற்கு அவை பயன்பட்டன. வன்னிப் பிள்ளைகளுக்கு அத்தகைய பயிற்சியை எவரும் அளித்திலர். அவர்கள் ஒலியைக் கேட்டே விமானத்தை இனங்கண்டு பதுங்குகுழியுட் புகுந்தனர். கிபிர் என்பது ஓர் இசுரேலிய விமானத்தின் பெயர். 1996 இற்குப் பின் அச்சொல் எம் ஊர்களில் எத்துணை அச்சத்தைச் சுமந்தது என்பதை இவ்விதழைப் படிப்போர்க்கு விரித்தல் வேண்டா. 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது. அந்த ஒலியின் நினைவு முடியவில்லை. ஒரு தாய் தன் மகன் கையில் இச்சிற்றுருவைக் கண்டு முகம் திருப்புவாளாயின், அவளைப் பிற்போக்குடையவள் என்றல் அறமன்று.

எனினும், மறைத்தலால் அச்சம் நீங்காது. பின்பிறந்த பிள்ளைகள் போர் விமானத்தைக் கைபேசித் திரையிற் காணவே காண்கின்றனர். ஆங்கு அது தீயுமிழும் வீரப் பொருள். கீழே மனிதர் இலர். அதனினும், ஆசிரியரின் அருகிருந்து, அளந்து, வெட்டி, ஒட்டி, அதன் வரலாற்றையும் கேட்டறிதல் மேலானதன்றோ?

ஆகவே பழைய மாணவரின் நன்கொடையை ஏற்றல் வேண்டும் என்பதே எமது துணிபு. ஆயினும் மூன்று நிபந்தனைகளை முன்வைக்கின்றோம். முதலாவது, போர் விமானம் மட்டும் போதாது. பயணிகள் விமானம், கப்பல், உழவு இயந்திரம் ஆகியவற்றின் பொதிகளும் உடன் வருக. போர் விமானத்தை இணைக்க விரும்பாத பிள்ளையை எவரும் வற்புறுத்தலாகாது.

இரண்டாவது, இணைக்கும் முறையைப் பொதி படங்களாற் காட்டுகின்றது. அப்படங்களை நோக்கி, ஒவ்வொரு படியையும் மாணவர் பிழையற்ற தமிழில் எழுதுக. எது முன், எது பின், எதனுள் எது பொருந்தும் என ஐயமற எழுதுதல் கட்டுரைப் பயிற்சியுட் கடினமானது. ஒருவன் எழுதியதைப் படித்து மற்றொருவன் இணைக்க இயலுமாயின், அதுவே அவ்வுரைநடைக்குத் தக்க சான்று.

மூன்றாவது நிபந்தனையையே யாம் தலையாயதாகக் கொள்கின்றோம். விமானத்துக்குரிய அளவு நிலத்துக்கும் உரியது. ஹரிக்கேன் செய்யும் மாணவன், அதே அளவில் அதன் கீழ் ஓர் ஊரையும் களிமண்ணாலும் பனையோலையாலும் செய்க. பதினெட்டடிக் குடிசை மூன்று அங்குலம். அது சிறகின் பாதிக்கும் குறைவு. ஆறடி மனிதன் ஓர் அங்குலம். ஆறடிப் பதுங்குகுழியும் ஓர் அங்குலமே. விமானத்தையும் ஊரையும் ஒரே மேசையில் வைத்து, மேலிருந்து ஒருமுறையும் மேசையின் விளிம்பிற் கண்வைத்துக் கீழிருந்து ஒருமுறையும் நோக்கச் செய்க. அவ்வாறு இரு நிலையினின்றும் நோக்கக் கற்ற பிள்ளை நாளை விமானம் வடிவமைப்பினும், செலுத்தினும், வீட்டு முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பினும், கீழே உள்ளோரை மறவான். அத்தகையோரை உருவாக்குமாயின் கைவினைக் கூடம் யூபிலிக்குத் தகுந்த நினைவாகும்.